மூக்கின் சாட்சி

சென்ற கார்த்திகை மாதத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போயிருந்தேன். சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு அந்த ஊர் பிறந்தகம் மாதிரி. கதை நகராமல் நின்றுவிடும்போதெல்லாம் அங்கே போய்ப் பிரகாரத்துப் புல்தரையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம். இந்தத் தடவை ராஜேந்திர சோழன் என்னோடு பேசவில்லை, மழைதான் பேசிற்று. மூன்று நாள் விடாமல் பேசிற்று. நனைந்த துண்டு, நனைந்த குடை, பாதி சாப்பிட்டு மடித்த தயிர்சாதப் பொட்டலம் ஆகிய எல்லாவற்றையும் பேரன் எனக்குக் கொடுத்திருந்த முதுகுப் பையில் திணித்துக்கொண்டு, கும்பகோணத்தில் ரயில் ஏறிச் சென்னை வந்து சேர்ந்தேன். வந்த அன்றே ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தவன், அதை அடியோடு மறந்துபோனேன்.

பத்தாம் நாள் என் மனைவி அறை வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "என்ன இது? உங்கள் அறையில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜலதோஷக்காரனுக்கு மல்லிகையும் ஒன்றுதான், செத்த எலியும் ஒன்றுதான். மேஜைக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் திறந்தபோது, அடைத்திருந்த என் மூக்கே திறந்துகொண்டது என்றால் வாசகர்கள் நம்ப வேண்டும்.

பொட்டலத்தை எறிந்தேன். துண்டையும் எறிந்தேன். பிறகு படித்தவன் செய்யும் காரியத்தைச் செய்தேன்: அலமாரியில் இருந்த ஜவ்வாதைப் பைக்குள் தடவினேன், அதற்கு மேல் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்திருந்த வாசனைத் திரவியத்தையும் தாராளமாகத் தெளித்தேன். மறுநாள் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது நிறுத்தத்தில் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜவ்வாதும் அழுகலும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்லை. இரண்டும் கலந்து, இரண்டையும்விடக் கொடிய மூன்றாவது ஒன்று பிறக்கிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாளிடம், இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அவள் பையை வாங்கி, வாயைப் பிரித்து, முகம் சுளிக்காமல் மோந்து பார்த்தாள்.

"ஐயா, மேலே வாசனையைக் கொட்டினால் போயிடுமா? உள்ளே எது கெட்டுக் கிடக்குதுன்னு இது சொல்லிக்கிட்டு இருக்கு. அது வாயை ஏன் பொத்துறீங்க?" என்றாள்.

இந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நாவலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மனித ஜாதி துர்நாற்றத்தோடு போராடிய சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, உலகத்தில் இரண்டு கட்சிகள் இருப்பது தெரிந்தது. ஒன்று, நாற்றத்தை மூடும் கட்சி. இன்னொன்று, நாற்றத்தை நீக்கும் கட்சி. முதல் கட்சிக்குத்தான் செல்வமும் செல்வாக்கும்.

தெற்குப் பிரான்ஸில் கிராஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. உலகத்து வாசனைத் திரவியங்களுக்குத் தலைநகர் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த ஊர் முதலில் மல்லிகைக்குப் பேர்போனதல்ல; தோல் பதனிடுவதற்குப் பேர்போனது. அங்கே தைத்த கையுறைகளைப் பிரபுக்களும் சீமாட்டிகளும் விரும்பினார்கள். ஆனால் தோலின் வாடையை விரும்பவில்லை. ஆகவே கையுறைகளுக்கு வாசனை ஊட்டினார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வாசனைக் கையுறை அணிவது பெரிய நாகரிகமாக இருந்தது. பிற்பாடு கையுறை வியாபாரம் க்ஷீணித்தது; அத்தர் வியாபாரம் மட்டும் நிலைத்துவிட்டது. மூட வந்தது, மூடப்பட்டதைவிடப் பெரிதாகிவிட்டது!

நாமும் இளைத்தவர்கள் அல்ல. சங்க காலத்துப் பெண்கள் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டினார்கள். நம் வீடுகளில் சாம்பிராணியும் வெட்டிவேரும் இன்றைக்கும் இருக்கின்றன. இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். குளித்த கூந்தலுக்குப் புகை போடுவது அழகு. குளிக்காத கூந்தலுக்குப் போடுவதுதான் ஜவ்வாது தடவிய என் பை.

இப்போது இரண்டாவது கட்சிக்கு வருகிறேன். ரோமாபுரியில் துணி வெளுப்பவர்கள் தனித் தொழிலாளராக இருந்தார்கள். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தைத் தோண்டியபோது, அவர்களுடைய சலவைச் சாலைகள் தொட்டிகளோடு அப்படியே அகப்பட்டன. அந்தத் தொட்டிகளில் அவர்கள் எதை ஊற்றித் துணியை மிதித்தார்கள் தெரியுமா? பழைய மூத்திரத்தை! முகத்தைச் சுளிக்க வேண்டாம். நாள்பட்ட மூத்திரத்தில் அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கிறது. பிறகு ஒருவகைக் களிமண்ணைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, கந்தகப் புகை காட்டினால் ரோமானியக் கனவான்களின் அங்கி பால்போல் வெளுத்துவிடும். தொட்டியில் இறங்கி மிதித்தவர்களில் அடிமைகள் பலர். மேலே இருப்பவனுடைய அங்கி மணக்க வேண்டும் என்பதற்காகக் கீழே ஒருவன் நாள் முழுவதும் அதில் நிற்க வேண்டியிருந்தது.

இந்த மூத்திர வியாபாரத்துக்கு வெஸ்பாசியன் என்ற சக்கரவர்த்தி வரி போட்டான். அவன் மகன் டைட்டஸுக்கு அது அருவருப்பாக இருந்தது. வரியாக வந்த முதல் காசை மகனுடைய மூக்கருகில் நீட்டி, இது நாறுகிறதா என்று தகப்பன் கேட்டானாம். சூட்டோனியஸ் என்ற சரித்திரக்காரர் இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார். காசு நாறவில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் காசைச் சம்பாதித்தவனுடைய காலை யாரும் மோந்து பார்க்கவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது என் மனம் பாம்பேயை விட்டுக் காவிரிக்கரைக்கு ஓடியது. என் சிறு பிராயத்தில் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் வெள்ளாவி அடுப்பு ஒன்று இருந்தது. அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, அடியில் தண்ணீர்ப் பானை கொதிக்க, மேலே சுருள் சுருளாக அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். விடிந்ததும் துறைக் கல்லில் அடித்து, ஆற்று நீரில் அலசி, மணலிலே வெயிலில் விரிப்பார்கள். ஐம்பது வீட்டுத் துணிகள் ஒன்றாக வெந்தாலும் ஒரு வீட்டு வேட்டி இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை. சேங்கொட்டைச் சாற்றால் மூலையில் ஒரு குறி இருக்கும். எந்தச் சலவைக்கும் அது போகாது.

இன்று ரசாயன நூலைப் புரட்டினால் அந்த அடுப்பின் பெருமை விளங்குகிறது. உவர்மண்ணில் இருப்பது சோடா உப்பு. அது வியர்வையின் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிறது. நீராவி கிருமிகளைக் கொல்கிறது. கல்லடி அழுக்கைப் பெயர்க்கிறது. வெயில் ஈரத்தை உறிஞ்சி, மிஞ்சிய கிருமிகளையும் ஒடுக்குகிறது. கிருமி என்ற பெயரை யாரும் கேள்விப்படாத காலத்திலேயே, அதை ஒழிக்கும் நான்கு படிகளையும் வண்ணார் குலத்தவர் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அதற்கு நாம் அவர்களுக்குக் கொடுத்த மரியாதை என்ன?

எங்கள் வீட்டுக்கு வெளுத்து வந்த துணி மூட்டையைக் கொல்லைப்புறத்தில்தான் இறக்க வேண்டும். வண்ணாத்திப் பாட்டி உள்ளே வரக்கூடாது. வெள்ளை வெளேரென்று, வெயில் வாசனையோடு வந்த துணியை என் பாட்டி தொட மாட்டாள். மறுபடி ஒரு முறை தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உலர்த்திய பிறகுதான் அது 'மடி' ஆகும். எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு நாள், "சுத்தமாகத்தானே இருக்கிறது, எதற்குப் பாட்டி மறுபடியும் நனைக்கிறாய்?" என்று கேட்டேன். "அவள் தொட்டதடா" என்றாள் பாட்டி. வண்ணாத்திப் பாட்டி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், சோற்றுப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு. அவள் காதில் விழுந்திருக்கும். அவள் முகம் மாறவில்லை. மாறாத அந்த முகம் இந்த வயதிலும் என் நினைவில் இருக்கிறது.

அவளாவது பகலில் வந்தாள். ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் துணியை வெளுத்த புதிரை வண்ணார் பகலில் பிறர் கண்ணில் படவே கூடாது என்று திருநெல்வேலிச் சீமையில் ஒரு கொடுமை இருந்ததை 1930-களில் பதிந்து வைத்திருக்கிறார்கள். இருட்டிலே துவைத்து, இருட்டிலே உலர்த்தி, விடியுமுன் மறைந்துவிட வேண்டுமாம். அழுக்கு யாருடையதோ அவனுக்குத் தோஷம் இல்லை. அதை நீக்கியவனுக்குத் தோஷம்!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய மதியீனம் என்று நினைத்திருந்தேன். மேல்நாட்டுச் சரித்திரமும் அதே பாடத்தை வேறு விதமாகச் சொல்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய வைத்தியர்களில் பெரும்பாலோர் துர்நாற்றமே வியாதி என்று நம்பினார்கள். லண்டன் சுகாதாரச் சீர்திருத்தத்தில் பேர்பெற்ற எட்வின் சாட்விக் 1846-ல் பார்லிமெண்ட் கமிட்டியின் முன்னால் ஏறக்குறைய அப்படியே சொன்னார். ஆகவே வீடுகளில் நாறிய சாக்கடைக் குழிகளைத் தண்ணீர் விட்டுத் தேம்ஸ் நதிக்குள் தள்ளினார்கள். வீட்டில் நாற்றம் குறைந்தது. ஆனால் அந்த நதியின் தண்ணீரைத்தான் ஊரில் பலர் குடித்தார்கள்! நாற்றத்தை இடம் மாற்றினார்கள், காலரா பரவிற்று.

1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் கரையிலிருந்த பார்லிமெண்டே திணறியது. கனம் அங்கத்தினர்கள் என்ன செய்தார்கள்? ஜன்னல் திரைத் துணிகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். என் ஜவ்வாதுப் பைக்கு அண்ணன் அந்தத் திரை. நதி திரையைக் கண்டு பயப்படவில்லை. கடைசியில், பூமிக்கடியில் பெரிய சாக்கடைக் குழாய்கள் கட்டுவதற்குச் சட்டம் செய்தார்கள். ஜோசப் பஸால்ஜெட் என்ற என்ஜினீயர் கட்டி முடித்தார். மூல காரணத்தில் கைவைத்த பிறகே நகரம் பிழைத்தது.

இந்தப் பிளீச்சிங் பவுடருக்கும் ஒரு கதை உண்டு. அது துணிக்காகப் பிறந்தது. குளோரின் வாயுவைக் கொண்டு துணியை வெளுக்கலாம் என்று 1785-ஐ ஒட்டிப் பெர்தொலே என்ற பிரெஞ்சு ரசாயனி கண்டார். 1799-ல் ஸ்காட்லாந்தில் சார்லஸ் டென்னன்ட் அதைச் சுண்ணாம்போடு சேர்த்துத் தூளாக்கினார். பிறகு 1820-களில், பாரிஸ் நகரத்தில் மிருகங்களின் குடலிலிருந்து நரம்பு திரிக்கும் தொழிற்சாலைகளின் சகிக்க முடியாத நாற்றத்தைப் போக்க லாபராக் என்ற மருந்துக்காரர் அதே சரக்கைப் பயன்படுத்தினார். துணியிலிருந்து குடலுக்குப் போன சரக்கு, அடுத்தபடி போன இடத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்தார்கள். மற்றொன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பார்த்தார்கள். டாக்டர்களின் விடுதியில் ஜுரம் கண்டு செத்த தாய்மார்கள் மிக அதிகம். 1847 ஏப்ரலில் மட்டும் நூற்றுக்கு 18 பேர். ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை. இக்னாஸ் செம்மெல்வைஸ் என்ற இளம் டாக்டர் இரவு பகலாக யோசித்தார். டாக்டர்கள் காலையில் பிணங்களை அறுத்துச் சோதித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, பிரசவ விடுதிக்கு வருகிறார்கள். கை பார்வைக்குச் சுத்தந்தான். ஆனால் மோந்து பார்த்தால் பிணவாடை போகவில்லை! வாடை இருக்கிறதென்றால், வாடைக்குக் காரணமான ஏதோ ஒன்றும் இன்னும் கையிலே இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். வாடையைப் போக்குவதில் பேர்பெற்ற குளோரின் கரைசலில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று மே மாதத்தில் உத்தரவு போட்டார். ஜூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆக இறங்கியது.

கண் பார்க்காததை மூக்கு பார்த்தது. எத்தனையோ தாய்மார்களின் உயிர் ஒரு மனிதனின் மூக்கினால் பிழைத்தது.

இப்படிப்பட்டவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. பெரிய டாக்டர்கள் பலருக்குக் கோபம் வந்துவிட்டது. கனவான்களின் கை அழுக்கு என்று சொன்னால் கனவான்கள் பொறுப்பார்களா? செம்மெல்வைஸ் 1865-ல், 47-ஆம் வயதில், வியன்னாவில் ஒரு மனநோய் விடுதியில் காலமானார். அதே ஆண்டில் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் பரீட்சையைத் தொடங்கினார். அவருக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றத்தைப் போக்க அந்த அமிலத்தை ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து!

சரித்திரம் போதும், என் பை காத்திருக்கிறது.

பைக்குள் நாறுவது வியர்வை என்று நாம் நினைக்கிறோம். புது வியர்வைக்கு வாடை மிகச் சொற்பம். தோலிலும் துணியிலும் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வியர்வையைத் தின்று வெளியிடுவதுதான் நாற்றம். அவற்றுக்கு வேண்டியவை மூன்று: தீனி, ஈரம், காற்றில்லாத மூலை. நான் மூன்றையும் பத்து நாள் விருந்தாக வைத்திருந்தேன். போதாக்குறைக்கு இக்காலத்து முதுகுப் பைகளில் பல பாலியெஸ்டர் துணியால் ஆனவை. 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த இழை தண்ணீரைக் குடிக்காது. எண்ணெய்ப் பிசுக்கை விடாது. 2014-ல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் 26 பேரை வியர்க்க வியர்க்கச் சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்களுடைய சட்டைகளைச் சோதித்தார்கள். பருத்திச் சட்டையைவிடப் பாலியெஸ்டர் சட்டை கடுமையாக நாறியது. நாற்றம் உண்டாக்கும் ஒருவகைக் கிருமி அதில்தான் செழித்தது.

இஸ்திரி வண்டி அம்மாள் இந்த ஆராய்ச்சியைப் படித்தவள் அல்ல. பையை இரண்டு நாள் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நான் போகாமல் நின்று பார்த்தேன். முதலில் எல்லா அறைகளையும் காலி செய்து, பையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி உதறினாள். தையல் மூலையில் சோற்றுப் பருக்கைகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன, எலி அதுதான்! பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத் தூளோடு கொஞ்சம் சலவைச் சோடாவும் கரைத்து ஊறவைத்தாள். கொதிக்கும் தண்ணீர் கூடாதாம். உள்ளே பூசியிருக்கும் ரப்பர் மாதிரியான பூச்சு உரிந்துவிடுமாம். தோள் பட்டையையும் முதுகில் படும் மெத்தையையும் பிரஷ்ஷால் தனியாகத் தேய்த்தாள். முதுகு வியர்வை தங்குவது அங்கேதானே! சோப்பு அடியோடு போகும் வரை மூன்று தண்ணீரில் அலசித் தலைகீழாகத் தொங்கவிட்டாள். காற்றும் இளவெயிலும் பட்டு, மெத்தையின் உள்ளீரம் வரை காய இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் மிஞ்சிய லேசான வாடைக்கு, ஆப்பசோடாவை உள்ளே தூவி ஓர் இரவு வைத்திருந்து உதறினாள்.

பிளீச்சிங் பவுடர் போடலாமே என்று நான் என் புது ஞானத்தைக் காட்டினேன். "சாயம் போயிடும் ஐயா. அதோட, அதையும் காடியையும் ஒண்ணாக் கலந்துடாதீங்க, மூச்சை அடைக்கும்" என்றாள். வாஸ்தவம். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது பெர்தொலே துணி வெளுத்த அதே குளோரின் வாயுதான்.

"இனிமே ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பையைக் காலி பண்ணி, வாயைத் திறந்து ஆணியிலே மாட்டுங்க. ஈரக் குடையைத் தனியா வையுங்க. அவ்வளவுதான்" என்று முடித்தாள். நான் இரண்டு மாதம் படித்ததன் சாரம் இந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டது.

பையை அவளே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்து மோந்து பார்த்தேன். ஜவ்வாதும் இல்லை, அழுகலும் இல்லை. வெயிலில் காய்ந்த துணி மட்டும் இருந்தது. எழுபது வருஷத்துக்கு முன்னால் கொல்லைப்புறத்தில் இறங்கிய மூட்டையிலிருந்து வந்த அதே வாசனை.

"உள்ளே வந்து உட்காரம்மா, காப்பி சாப்பிட்டுப் போகலாம்" என்றேன்.

அவள் வாசற்படியைப் பார்த்தாள். "இல்லீங்க ஐயா, இங்கேயே நிக்கிறேன்" என்றாள்.

இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். என் மனைவி உள்ளேயிருந்து வந்து கூடத்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, சற்றுத் தயங்கி, உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நாங்கள் சாப்பிடும் டம்ளரிலேயே காப்பி வந்தது. அதைக் கையில் வாங்கியவள் ஒரு விநாடி அந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஏதோ மாறியது. கொல்லையில் பானையோடு நின்றவளுக்கு இதைக் கொடுக்க எனக்கு வழியில்லை.